மாத்திரை கொடுத்த அனுமதிகள்

எங்கள் அலுவலகத்தில் தவறு நடந்ததே கிடையாது. ஸோம்பா மலையடிவாரத்துச் செங்கல் கட்டடத்தில், ‘தென் வட்டாரத் தானிய அரைவை அனுமதி வாரியம்’ என்ற பலகைக்குக் கீழே வேலை பார்க்கும் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மாவு மில் வைக்க விரும்புகிறவர்கள் எங்களிடம் வந்துதான் ஆக வேண்டும். வந்தார்கள். நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை. கொடுத்தால்தானே தவறு நடப்பதற்கு?

அதற்காக யாரையும் மறுத்ததும் இல்லை. மறுத்தால் மேல்முறையீடு வரும். ஒரு மனு வந்தால் முதலில் சத்தப் பிரிவுக்குப் போகும். சத்தப் பிரிவு, மில் ஓடினால்தான் சத்தத்தை அளக்க முடியும் என்று நியாயமாகக் குறிப்பெழுதும். மில் ஓட அனுமதி வேண்டும். எனவே மனு தூசிப் பிரிவுக்குப் போகும். சத்தத்தைப் பற்றித் தெரியாமல் தூசியைப் பற்றிப் பேசுவது அவசரமாகிவிடும் என்று தூசிப் பிரிவு திருப்பி அனுப்பும். இப்படி எங்கள் மனுக்கள் இரண்டு மூன்று அரசாங்கங்களைப் பார்த்துவிட்டன.

முதல் கவுண்டரில் ஜைலோஸ் மகாவா உட்கார்ந்திருப்பார். இரண்டாவது கவுண்டரில் நான். “பரிசீலனையில இருக்கு, அமாயி” என்று, ‘அம்மா’ என்கிற மரியாதையோடு, அவர் சொல்கிற பக்குவத்தில், சோள மூட்டையைத் தலையில் சுமந்து தேய்ந்த பெண்கள்கூட ஏதோ கிடைத்துவிட்ட மாதிரி நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை எங்கள் வட்டார அதிகாரி எஸாவ் ம்சோசா அவருக்குப் பின்னால்தான் நிற்க வைப்பார். “கையைப் பாருங்க. மனு பக்கமே போகாது,” என்பார்.

அந்தக் கைக்குத்தான் கேடு வந்தது.

முதலில் வலது கட்டைவிரல் தானாக ஆடியது. பிறகு கை முழுவதும். ‘மீண்டும் வருக’ முத்திரையைக் குத்தினால் ஒரே மனுவில் மூன்று இடத்தில் விழுந்தது. நடை சுருங்கியது. வாசற்படிக்கு வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இதையெல்லாம் யாரும் நோய் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அனுபவம் என்றுதான் நினைத்தோம். அவர் மனைவி எனிஃபாதான் பிடித்து இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கே இருந்த நரம்பு மருத்துவர் லிந்திவே கம்வெண்டோ, கொஞ்ச வயதுப் பெண். கையை மடக்கிப் பார்த்தார், நடக்க வைத்துப் பார்த்தார். ‘பம்போ’ என்று, அப்பாவை அழைப்பதுபோல மரியாதையாகப் பேசினார்.

“பம்போ, மூளையில டோப்பமின்னு ஒரு ரசாயனம் ஊறும். உங்களுக்கு அது வத்திக்கிட்டு வருது. அதான் கை ஆடுது, கால் ஒட்டிக்குது. இந்த மாத்திரை அந்த ரசாயனம் மாதிரியே நடிச்சு வேலையை நடத்திடும்.”

“நடிச்சு வேலை நடத்தற ஆளுங்களோட எனக்குப் பழக்கம் உண்டு, டாக்டர்,” என்றார் மகாவா, அரசு ஊழியர் என்ற முறையில்.

“ஒண்ணு சொல்லணும். அதே ரசாயனம்தான் ஆசையையும் ஓட்டுது. சைக்கிள்ல பெடல் நல்லாச் சுத்தும், பிரேக் கொஞ்சம் தளரலாம். சில பேர் சூதாடுவாங்க. சில பேர் கண்டதையும் வாங்கிக் குவிப்பாங்க. சில பேர் இருக்கறதை எல்லாம் எடுத்துக் குடுத்துடுவாங்க. தப்புப் பண்ணிட்டோம்னு உள்ளுக்குள்ள ஒரு மணி அடிக்கும் பாருங்க, அந்தச் சத்தமும் கொறஞ்சு போகலாம். அதனால இவருக்கே தெரியாது. நீங்கதான் கவனிக்கணும், அமாயி.”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து நான்தானே கவனிக்கறேன்,” என்றாள் எனிஃபா. “அந்த மணி இவருக்கு எப்ப அடிச்சிருக்கு?”

மாத்திரை வேலை செய்தது. கை அடங்கியது. மகாவா வாசற்படியைத் தாண்டி வந்த அன்று நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். எனிஃபா மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். சட்டையை முகர்ந்து பார்த்தாள். பந்தயக் கடைக்காரனைக் கூப்பிட்டு, “எம் புருஷன், லிம்பானி அப்பா, இந்தப் பக்கம் வந்தா காலை ஒடிச்சிடு, காசு நான் குடுக்கறேன்” என்று சொல்லி வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் அவர் ந்சீமாக் களியை அளவாகச் சாப்பிட்டார், கோழிகளை எண்ணி அடைத்தார், யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. அவள் நிம்மதியடைந்தாள். அவர் கொடுத்ததெல்லாம் அலுவலகத்தில்.

டொமாசிக்கு அப்பாலிருந்து வரும் அசியாத்து என்ற பெண்தான் முதலில் வாங்கியவள். கணவன் இல்லை. பழைய டீசல் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கோணி போட்டு மூடிவைத்து, எங்களிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தாள். அவள் ஊர்ப் பெண்கள் மாவு அரைக்க ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும், மழைக்காலத்தில் ஆறு விடாது, மறுபடியும் உரல்தான். இதையெல்லாம் அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். நாங்களும் ஒவ்வொரு தடவையும் கேட்போம்.

அன்று மகாவா வழக்கம்போல வாயைத் திறந்தார். “பரிசீலனையில...” என்று ஆரம்பித்தார். அதற்குள் கை இழுப்பறைக்குள் போய்விட்டது. உள்ளே, வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு முத்திரை உண்டு: ‘அனுமதிக்கப்பட்டது.’ உறையைப் பல்லால் கிழித்து, மையில் தொட்டு, ஓங்கி ஒரு குத்து.

அசியாத்து மனுவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“பம்போ, இது என்ன முத்திரை? இதுக்கு முன்னாடி பார்த்ததில்லையே.”

“எடுத்துக்கிட்டு ஓடும்மா,” என்றார் மகாவா.

அவள் ஓடினாள். நான் நாற்காலியோடு அவர் பக்கம் நகர்ந்து, “என்ன பண்ணிட்டீங்க அச்சிம்வெனே, அண்ணே?” என்றேன்.

“கை போயிடுச்சுப்பா. நிறுத்தணும்னு நெனைக்கறதுக்குள்ள போயிடுச்சு. அது போகட்டும். ஐயோ பண்ணிட்டோமேன்னு தோணணும் இல்ல? தோணவே மாட்டேங்குது. மந்தாசி சாப்பிட்ட மாதிரி இருக்கு.” அவர் முகத்தில் எண்ணெய்ப் பலகாரம் தின்ற களை உண்மையாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கை நிற்கவில்லை. செய்தி சந்தைக்குப் போய், சந்தையிலிருந்து மினி பஸ்களில் ஏறி, ஏரிக்கரை வரை போய்விட்டது. விடிவதற்குள் வாசலில் வரிசை நின்றது. மகாவா சிரித்துக்கொண்டே குத்தினார். கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துக் குத்தினார். பிறகு அதையும் பார்க்காமல் குத்தினார். பிரசவ மருத்துவமனைச் சுவரை ஒட்டி மில் கேட்டவருக்குக் கொடுத்தார். சைக்கிள் பழுதுபார்க்கிற ஒருவர் கவுண்டரில் குனிந்து கழிப்பறைக்கு வழி கேட்டார். அவருக்கும் ஒரு மில் கிடைத்தது.

திங்கட்கிழமைப் பிரார்த்தனை முடிந்ததும் ம்சோசா எங்களை நிறுத்திவைத்துப் பேசினார்.

“சகோதரர்களே, அனுமதி கொடுக்கணுங்கற ஆசை யாருக்கு இல்லை? எனக்கும் ஒரு தடவை வந்தது. இளவயசு. எதிர்ல ஒரு மனு. எல்லாம் சரியா இருந்தது. கை தன்னால நகர்ந்தது. நான் என்ன பண்ணேன்? எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தப்ப அந்த ஆள் வீட்டுக்குப் போயிட்டான். அந்த அடக்கம்தான் என்னை இந்த நாற்காலியில உட்கார வச்சிருக்கு. நாட்டுக்குச் சேவைன்னா என்ன? எதையும் பண்ணாம இருக்கறது சுலபம்னு ஜனங்க நெனைக்கறாங்க. வருஷக்கணக்கா பண்ணாம இருந்து பாக்கச் சொல்லுங்க!”

பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகாவாவும் ஆழ்ந்து தலையாட்டினார். பிறகு கவுண்டருக்குப் போய் வரிசை முழுவதற்கும் அனுமதி கொடுத்தார்.

தலைநகர் லிலாங்வேயிலிருந்து விசாரணைக் குழு வந்தது. தலைவி அமாயி கலிண்டே, பெரிய கண்ணாடி, சிறிய புன்னகை. கூட இரண்டு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர் பெரும்பாலும் தூங்கினார். மகாவா தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். ஓய்வுக்கு அதிக காலம் இல்லை. வேலை போனால் மாத்திரைக்கான காசும் போகும் என்று எனிஃபா காலையில் சொல்லியனுப்பியிருந்தாள்.

“நீங்க தப்புப் பண்றீங்கன்னு அந்தச் சமயத்துல உங்களுக்குத் தெரிஞ்சுதா?” என்று கேட்டார் தலைவி.

“இல்ல, அமாயி.”

“தெரியாம எப்படிப் பண்ணினீங்க?”

“தெரிஞ்சிருந்தா பண்ணியிருக்க மாட்டேனே.”

“விதியைப் படிச்சிருக்கீங்களா? ஊழியர் ஒருவர் தவறு செய்ய நேர்ந்தால், செய்யறதுக்கு முன்னாடியே மேலதிகாரிக்குத் தெரிவிச்சு ஒப்புதல் வாங்கணும்.”

சாட்சிக்கு வந்திருந்த டாக்டர் கம்வெண்டோ எழுந்தார். டோப்பமின், பெடல், பிரேக், மணி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். இது குணக்கேடு இல்லை, மருந்தின் அளவு, குறைத்தால் சரியாகிவிடும் என்றார்.

விழித்திருந்த உறுப்பினர் பேனாவைத் திறந்தார். “இந்த டோப்பமின் எந்த கிரேடு?”

“அது ரசாயனம், ஐயா.”

“ஊழியரோட தலைக்குள்ள இருக்கு. தலை ஆபீஸ் வளாகத்துக்குள்ள இருக்கு. ஆபீஸ் வேலையை அதுதான் பண்ணுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அதை நியமிச்சது யாரு?”

எல்லோரும் ம்சோசாவைப் பார்த்தார்கள். அவர் அவசரமாக எழுந்தார். “என் கையெழுத்தில்லாம இந்தக் கட்டடத்துல எந்த ரசாயனமும் நியமனம் ஆகலை, அமாயி. வேணும்னா எங்க எல்லார் தலையையும் சோதிச்சுக்குங்க.”

ஏன் சொன்னோம் என்று அவர் பிற்பாடு வருந்தியிருக்க வேண்டும். ஆனால் வருந்தியதற்கு அடையாளம் இல்லை. சோதனை உண்மையாகவே நடந்தது. டாக்டர் ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து ம்சோசாவின் அறையில் வைத்தார். திரையில் எழுத்துகள் ஒன்றொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். ஒரே எழுத்து மறுபடி வந்தால் மட்டும் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். எங்கே தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தாலும் சிவப்பை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். பள்ளிப்பிள்ளைகள் விளையாடுவார்களாம்.

மகாவா மத்தளம் வாசிப்பது போல அமுக்கினார். அமுக்கக் கூடாத இடத்திலெல்லாம் அமுக்கினார். பாதியில், “அடடே, இது தப்பு” என்று சிவப்பைத் தட்டினார். மீதிப் பாதியில் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்து ம்சோசா. கைகளைக் கட்டிக்கொண்டு திரையை முறைத்தார். எழுத்துகள் வந்தன, போயின.

“ப்வானா, பச்சையை ஏன் அமுக்கலை?” என்றார் டாக்டர், அதிகாரிக்கு உரிய மரியாதையோடு.

“அவசரப்பட்டு எதுக்கு அமுக்கணும்? எழுத்து இன்னும் பரிசீலனையில இருக்கு.”

“அமுக்காததும் தப்புத்தான். அப்ப சிவப்பையாவது...”

“சிவப்பா? என் பணிக்காலத்துல அதைத் தொட வேண்டிய நிலைமை வந்ததில்லை.”

சத்தப் பிரிவு அமுக்கவில்லை. தூசிப் பிரிவு, சத்தப் பிரிவு அமுக்கியதா என்று கேட்டுவிட்டு அமுக்கவில்லை. நான் அமுக்க நினைத்தேன். யார் முதலில் அமுக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு அமுக்கலாம் என்று காத்திருந்தேன். அறையில் டாக்டரைத் தவிர நான் மட்டும்தான் இருந்தேன் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

டாக்டரின் அறிக்கையில் மகாவாவுக்கு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும் என்று இருந்தது. எங்களைப் பற்றி இப்படி: “உந்துதல் எதுவும் தென்படவில்லை. தவறை உணர்ந்த அறிகுறியும் தென்படவில்லை. அனைவரையும் கூடிய விரைவில் மருத்துவமனைக்கு அழைத்து வரவும்.” முதல் இரண்டு வாக்கியங்களை ம்சோசா கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். மூன்றாவது வாக்கியத்துக்குச் சட்டத்தில் இடம் போதவில்லை.

குழு, அறிக்கையை ஆழ்ந்து படித்து, மருந்தின் அளவை எப்படிக் குறைப்பது என்பதைத் தானே தீர்மானித்தது. அலுவலக நேரத்தில் மகாவா மாத்திரை போடக் கூடாது.

“இதைச் சட்டுனு நிறுத்தக் கூடாது. ஆபத்து!” என்று கத்தினார் டாக்டர்.

“யார் நிறுத்தச் சொன்னா?” என்றார் கலிண்டே. “காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும்தான். மத்த நேரமெல்லாம் அவர் சுதந்திரமான மனுஷன்.”

அதற்குப் பிறகு நடந்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வரவில்லை. காலையில் பாதி தூரம் நன்றாக நடந்து வருவார். வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். நானும் காவலாளியும் தூக்கி உள்ளே வைப்போம். கவுண்டரில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். முகம் பலகையாகிவிடும், கண்கூட மெதுவாகத்தான் மூடும். தேநீர்க் குவளை வாய்க்குப் போவதற்குள் சட்டையில் போய்விடும். வந்தவர்கள் மனுவை நீட்டுவார்கள், கொஞ்ச நேரம் நிற்பார்கள், தாங்களே எடுத்துக்கொண்டு போவார்கள். ம்சோசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. புதிய ஊழியர்களை மறுபடியும் அழைத்துவந்து அவர் பின்னால் நிறுத்தினார். “பாருங்க. பழைய மகாவாவை விடப் பிரமாதம்.”

நான் குனிந்து, “வலிக்குதா?” என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து அவர் உதடு அசைந்தது. “உள்ள நான் இருக்கேன்ப்பா. வெளிய வர வழி தெரியல.”

சிப்பெரோனி என்கிற குளிர்காலத் தூறல் விடாமல் பிடித்திருந்த ஒரு மாலை, அலுவலகம் மூடிய பிறகும் அவரால் எழ முடியவில்லை. கூடுதல் நேரம் உழைக்கிறார் என்று ம்சோசா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தபோது எனிஃபா உள்ளே வந்தாள். சித்தெஞ்சேத் துணியைத் தலையோடு போர்த்தியிருந்தாள். ஈரம் சொட்டியது.

“ப்வானா, காலையில நடக்கற மனுஷனாத்தான் அனுப்பறேன். சாயங்காலம் கட்டையாத் திருப்பித் தர்றீங்க.”

“அமாயி, கட்டைன்னு சொல்லாதீங்க. கட்டுப்பாடுன்னு சொல்லுங்க.”

“அப்படியா? அப்ப உங்க கட்டுப்பாட்டோட காலை நீங்களே பிடிங்க. வாசல்ல கபாசா வாடகை சைக்கிள் நிக்குது, தூக்கி ஏத்துங்க.”

எங்கள் வட்டார அதிகாரி மேலதிகாரி அல்லாத ஒருவரின் காலைப் பிடித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். சைக்கிளின் பின்பலகையில் மகாவாவை நானும் அவருமாக ஏற்றினோம். மகாவாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்க அவருக்குக் கை வரவில்லை. எனிஃபா துடைத்துவிட்டாள். மறுநாள் காலை அவளே கவுண்டருக்கு வந்து, எல்லோர் முன்னாலும் அவர் வாயில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். “இதையும் அனுமதி இல்லாமத்தான் குடுக்கறேன். எழுதிக்குங்க,” என்றாள். யாரும் எழுதவில்லை.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். அளவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். சில வாரங்களில் நடை திரும்பியது. கையில் மெல்லிய நடுக்கம் மட்டும் மிச்சம். முத்திரைப் பக்கம் அது தன்னால் பாயவில்லை. ஒரு விடியற்காலை மகாவா படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து அலறியிருக்கிறார்.

“எனிஃபா! பிரசவ ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி மில் வைக்கச் சொல்லிட்டேனே! பச்சைக் குழந்தைங்க எப்படித் தூங்கும்?”

“மணி அடிச்சிருச்சு,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பு மூட்டப் போனாளாம்.

அன்றே என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரிப் பக்கத்து மில்காரர் சுவரை எழுப்பி முடித்திருந்தார். மகாவா அவர் முன்னால் தொப்பியைக் கழற்றினார். “என் தப்பு, பம்போ. படிக்காமக் குத்திட்டேன்.” அந்த மனிதர் எங்கள் இருவரின் பரம்பரையையும் கிழங்கு தோண்டுவதுபோலத் தோண்டி எடுத்தார். பிறகு களைத்துப் போய், அரசாங்க ஆள் ஒருவன் தப்பு என்று சொல்லித் தான் கேட்டதே இல்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். மகாவா இன்னொரு தடவை சொன்னார். சந்தைக்குப் பின்னால் வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, செங்கல் சுமக்க நாங்களும் கைகொடுத்தோம்.

கழிப்பறைக்கு வழி கேட்டவரைத் தேடிப் போனால், அவர் மைத்துனனோடு சேர்ந்து ஓகோ என்று மில் ஓட்டிக்கொண்டிருந்தார். அனுமதியைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

“அன்னைக்கு நானும் அவசரத்துல இருந்தேன், நீங்களும் அவசரத்துல இருந்தீங்க. இப்ப எதுக்கு பம்போ அதையெல்லாம் கிளறணும்?”

திரும்பும் வழியில் அசியாத்துவின் மில். உள்ளே சத்தம், வாசலில் அதைவிடப் பெரிய சத்தமாகப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் இமையிலும் மாவு. சுழல்கிற இயந்திரப் பட்டைக்குத் தகரத்தில் மூடி செய்து போட்டிருந்தாள் அசியாத்து. மகாவா அந்த மூடியைத் தட்டிப் பார்த்தார், கிணறு எங்கே என்று கேட்டார், கட்டடத்தைச் சுற்றி வந்தார். பிறகு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“இதுல தப்பு எங்க இருக்குன்னு தேடறேன்ப்பா. மணி அடிக்கல.”

“காது இன்னும் சரியாகலையோ?” என்றேன்.

“சரியாத்தான் இருக்கு. காலையில ஆஸ்பத்திரிக்கு அடிச்சுதே.”

வழி நெடுக மூடி, கிணறு, குழந்தைகள் தூக்கம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் மனு கொண்டுவந்தார். மகாவா அவரை உட்கார வைத்தார். எங்கள் அலுவலகத்தில் மனுதாரர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. மனுவை முதல் பக்கத்திலிருந்து படித்தார். கிணறு எவ்வளவு தூரம், பட்டைக்கு மூடி உண்டா, பக்கத்து வீட்டில் நோயாளி யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காலை முழுவதும் ஆனது. பிறகு இழுப்பறையைத் திறந்து, மெதுவாக, ஒரே இடத்தில் விழும்படி முத்திரையைக் குத்தினார்.

ம்சோசா ஓடி வந்தார். “ஐயோ, மறுபடியும் கை போயிடுச்சா?”

“இல்ல ப்வானா. நான்தான் கொண்டு போனேன்.”

குழு மறுபடியும் கூடியது. இந்தத் தடவை இரண்டு உறுப்பினர்களும் விழித்திருந்தார்கள். அமாயி கலிண்டேயின் சிறிய புன்னகையும் காணாமல் போயிருந்தது.

“மருந்து பண்ணிச்சுன்னா மன்னிக்கலாம். யோசிச்சுப் பண்ணினேன்னு சொல்றீங்களே! இது தொத்திக்கற வியாதி. ஒரு ஆள் யோசிச்சு அனுமதி குடுத்தார்னு வெளிய தெரிஞ்சா, இத்தனை வருஷமா மத்தவங்க என்ன யோசிச்சுக்கிட்டிருந்தாங்கன்னு ஜனங்க கேக்க மாட்டாங்களா?”

வேலையை விட்டு நீக்கலாம் என்றால், டொமாசியிலிருந்து ஏரி வரை பெண்கள் உலக்கையோடு வந்துவிடுவார்கள் என்று காவல்துறை சொல்லியிருந்தது. வைத்துக்கொள்ளலாம் என்றால், அவர் செய்தது சரி என்று ஆகிவிடும். சரி என்றால் நாங்கள் செய்தது என்ன? இடைவேளையில் மந்தாசி வந்தது. அதைத் தின்றுகொண்டிருந்தபோது கலிண்டேவுக்கு வழி பிறந்தது.

“நீங்க இன்னும் மாத்திரை சாப்பிடறீங்க இல்ல?”

“சாப்பிடறேன், அமாயி. கொறைச்ச அளவுல.”

“அளவு எங்களுக்கு எதுக்கு? அப்ப உங்களுக்கு இன்னும் வியாதி. நீங்க குடுக்கறதெல்லாம் மாத்திரை குடுக்கறது. வாரியம் பொறுப்பில்ல.”

“நான் படிச்சுப் பாத்துக் குடுக்கலாமா?”

“எப்படி வேணா குடுங்க. நாங்க வியாதின்னு எழுதிக்கறோம்.”

அவர் ஒருநாள் அவகாசம் கேட்டு வீட்டுக்குப் போனார். தெளிந்த புத்தியோடு செய்கிற வேலையைப் பைத்தியக்கார வேலை என்று பலகை மாட்டுவார்களே என்று அவருக்கு உறுத்தல். எனிஃபா உசிப்பா மீனை வறுத்துக்கொண்டே கேட்டாள்.

“ஊர் சிரிக்குமேன்னு பாக்கறீங்களா? சிரிக்கட்டும், லிம்பானி அப்பா. மாவை அரைச்சு வச்சுட்டு நிம்மதியாச் சிரிக்கட்டும்.”

பலகை மாட்டப்பட்டது. “முதல் கவுண்டரில் உள்ள அதிகாரி மருந்தின் பிடியில் உள்ளவர். இங்கே பெறப்படும் அனுமதிகளுக்கு வாரியத்தின் அறிவு பொறுப்பல்ல.” எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டி, எல்லோருமாக அந்த வரிசையிலேயே நின்றார்கள். என் கவுண்டரில் ஈ ஓட்டினேன். சத்தப் பிரிவும் தூசிப் பிரிவும் முன்பு போலவே குறை இல்லாமல் இயங்கின.

மழை தொடங்குவதற்கு முந்திய ஒரு காலை, வரிசையின் நடுவில் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். ம்சோசா. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. முன்னால் நின்ற பெண்கள் மரியாதையாக வழி விட்டார்கள். “வேணாம், வேணாம். வரிசை நேரா நிக்குதான்னு பாக்க வந்தேன்,” என்றார் அவர். பார்த்துக்கொண்டே கவுண்டர் வரை வந்துவிட்டார்.

மகாவா எழுந்து வணங்கினார். மனுவை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்தார். இணைத்திருந்த வரைபடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மைத்துனரிடம் இரண்டு மூன்று கேள்வி கேட்டார்.

“ப்வானா, இயந்திரம் வைக்கற இடத்தை ஒட்டியே ஊர்க் குழாய்க் கிணறு இருக்கு. டீசல் கசிஞ்சா குடிதண்ணி போச்சு. மேட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்க. வரைபடத்தை மாத்திக்கிட்டு வாங்க, உட்கார வச்சு அப்பவே குத்திக் குடுத்துடறேன்.”

ம்சோசா இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கவுண்டர் கம்பியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“மகாவா, இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன், ப்வானா.”

“டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்... இன்னொண்ணு போட்டுக்குங்களேன்.”